பிங்க் ஐசி (சிங்கப்பூர்க் குடிமக்களின் அடையாள அட்டை) எடுக்கப் போகிறீர்களா? படிவத்துக்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள்

சிங்கப்பூர்க் குடியுரிமைக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் என்று குடிநுழைவு ஆணையத்திலிருந்து கடிதம் வந்த அன்று நான் செய்த முதல் தவறு, அதை அப்படியே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான். பத்து நிமிடத்தில் பட்டுக்கோட்டையிலிருந்து அப்பா கூப்பிட்டார். வாழ்த்தெல்லாம் இல்லை. "அப்ப இனிமே நீ வெளிநாட்டுக்காரனாடா?" என்றார். நான் மடமடவென்று ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை, ஆயுள் முழுக்க விசா, வங்கிக் கணக்கு என்று அடுக்க ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்காமலே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கோப்பிக் கடையில் இன்னொரு கேள்வி. கேட்டவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "சரி தம்பி, நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா நீ எந்தப் பக்கம்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பதில் வரும்வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படிவம் நிரப்புவது பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் பாதிச் சண்டை சட்டம் தெரியாததால்தான் வருகிறது

இரட்டைக் குடியுரிமை நல்லதா கெட்டதா என்று விடிய விடியப் பேசலாம். ஆனால் இந்தியாவிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு அது திண்ணைப் பேச்சுதான், இரண்டு பக்கமும் கதவு பூட்டியிருக்கிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு: நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், யாரும் வந்து பறிக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் பக்கம் அரசமைப்புச் சட்டத்தின் 135ஆம் பிரிவு: 18 வயதுக்கு மேல் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும், வேறு நாட்டின் பாஸ்போர்ட்டை அந்நாட்டுக் குடிமகனாகப் பயன்படுத்தினாலும் குடியுரிமையை ரத்துசெய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. "ரெண்டையும் வச்சுக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பயன்படுத்தினால் இந்தியப் பக்கமும் தண்டனை இருக்கிறது.

ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்து, கடைசியில் இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர்களுக்கும் இதே கதைதான். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, போகிறவர்கள் 'போராங் கே' என்ற குடியுரிமைத் துறப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதன்பிறகு ஜோகூரில் வீடு வாங்கப் போனால் வெளிநாட்டவருக்கான விதிகள்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிலைமைதான் விசித்திரம். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம், லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஒத்துக்கொள்ளாததால் இங்கே இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. அங்கேயும் இது தீராத சண்டைதான்: 2020இல் வந்த 20ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் நாடாளுமன்றம் போகலாம் என்றது, 2022இல் வந்த 21ஆவது திருத்தம் கூடாது என்று திருப்பிப் போட்டது. இரண்டே வருடத்தில் ஒரு நாடே மனதை மாற்றிக்கொள்கிறது, நம் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருந்தால் என்ன தவறு?

ஓசிஐ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரில் குடிமகன் என்று வருவதால் நிறைய பேர் அதை அரைக் குடியுரிமை என்று நினைக்கிறார்கள். இல்லை. எல்.எம். சிங்வி தலைமையிலான குழு 2002இல் கொடுத்த அறிக்கை இரட்டைக் குடியுரிமையையே பரிந்துரைத்தது, கடைசியில் வந்து சேர்ந்தது இந்த அட்டை. ஆயுள் முழுக்க விசா வேண்டாம், இந்தியாவில் தங்கலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 அறிவிப்புக்குப் பிறகு நீட் எழுதினாலும் என்ஆர்ஐ ஒதுக்கீட்டில்தான் மருத்துவ இடம். பிள்ளையை ஊரில் டாக்டருக்குப் படிக்க வைக்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி

அப்பா போனை வைத்த பிறகு மூன்று நாள் நான் சட்டமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், "அவரு பாஸ்போர்ட்ட பத்தியா கேட்டாரு?" என்றாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. எழுபத்திரண்டு வயது மனிதர், வெளிநாட்டுக்காரனா என்று கேட்டால் அவர் கேட்பது, எனக்கு ஒன்று என்றால் நீ வந்துசேர்வாயா, கொள்ளி வைக்க நீ இருப்பாயா என்பதுதான். அதை வாய்விட்டுக் கேட்க முடியாததால் நாடு, தேசம் என்று சுற்றிவருகிறார்.

ஆக, உங்களிடம் விசுவாசத்தைப் பற்றி யார் கேட்டாலும் உடனே பதில் சொல்லாதீர்கள். இவர் எதை இழப்போம் என்று பயப்படுகிறார் என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பதில் சொன்னால் போதும், மீதியை அவர்களே விட்டுவிடுவார்கள்.

மறுபடி கூப்பிட்டேன், இந்த முறை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பா, ராத்திரி போன் பண்ணாலும் மறுநாள் கிடைக்கிற முதல் திருச்சி ஃப்ளைட்ல ஏறிடுவேன். யார்கிட்டயும் விசா கேட்டு நிக்க வேண்டியதில்ல" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நிலம் என்னாகும்?" என்றார். இது நல்ல கேள்வி, இதற்குத் தயாராக இருங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, அதனால் அந்த விஷயத்தில் நான் புதிதாக எதையும் இழக்கவில்லை. பரம்பரைச் சொத்தாக வருவதை ஓசிஐ வைத்திருப்பவரும் வாங்கிக்கொள்ளலாம். விற்க வேண்டி வந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். இதைச் சொன்னதும், "யாருக்குடா விக்கப் போற?" என்று சண்டை வேறு பக்கம் திரும்பியது. நிம்மதியாக இருந்தது, பழக்கமான சண்டை.

அப்பா விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் ஓட்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கிவிட வேண்டும், இதில் சமாதானம் எதுவும் கிடையாது. "பேரு இருந்துட்டுப் போகுது" என்பார்கள். இருக்கக் கூடாது.

கோப்பிக் கடை அண்ணனுக்கு என்ன பதில்

இது கடினம், இதை நான் இன்னும் முழுசாகத் தீர்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த அண்ணன் பதினெட்டு வயதில் தலையை மொட்டையடித்துக்கொண்டு ராணுவப் பயிற்சிக்குப் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனவர். முழுநேர தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைப் பணி முடித்து, அதன்பிறகு வருடா வருடம் ரிசர்விஸ்ட் பயிற்சி என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடியவர். 1967இல் தொடங்கிய ஏற்பாடு இது, இங்கே ஆண்பிள்ளை பெற்ற எல்லா வீட்டுக்கும் தெரிந்த வலி. அவர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டபோது போரைப் பற்றிக் கேட்கவில்லை. என் பையன் வெயிலில் ஓடும்போது உன் பையன் எங்கே இருப்பான் என்று கேட்டார்.

அதற்கு நேரான பதில் வேண்டும். வேலை அடிப்படையில் நிரந்தரவாசியான முதல் தலைமுறைக்கு தேசிய சேவை கிடையாது, நான் ஒரு நாள்கூடச் சீருடை போட்டதில்லை. ஆனால் பெற்றோர் மூலம் நிரந்தரவாசியான பையனுக்கு உண்டு, குடிமகனான பையனுக்கும் உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டு தாண்டியதும் அழைப்பு, இரண்டு வருடம். 13 வயதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். வராமல் ஏய்த்தால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இடையில் குடியுரிமையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துத் தப்பிக்கலாமா என்றால், கடமையை முடிக்காதவரின் துறப்பைப் பதிவுசெய்யாமல் நிறுத்திவைக்க அரசமைப்பிலேயே இடம் இருக்கிறது.

எனவே பையன் இருக்கும் வீட்டில் குடியுரிமை என்பது உங்களைவிட அவனைப் பற்றிய முடிவு. பத்து வயதுப் பையனிடம் இதைப் பேச முடியுமா என்று கேட்டால், முடியும். என் பையனிடம் நான் பேசினேன், அவன் துப்பாக்கி கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டான். பன்னிரண்டில் மறுபடி பேசினேன், அப்போது கேள்வி மாறியிருந்தது: "நீங்க ஏம்ப்பா போகல?" பெற்றோரோடு சேர்ந்து சின்ன வயதில் குடிமகனான பிள்ளைகள் 21 வயதுக்குப் பிறகு, 22 முடிவதற்குள் தாங்களே ஒருமுறை உறுதிமொழி எடுக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் துறக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்த ஒரு வருடம் பெரிய நாடகமே நடக்கும். என்னைக் கேட்டால் அது நல்ல ஏற்பாடு. அப்பன் போட்ட கையெழுத்தைப் பிள்ளை ஒருமுறை பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லட்டும்.

அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன்: பையன் போவான், நான் ஆயுதப்படைத் தொண்டூழியப் பிரிவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். (2014இல் ஆரம்பித்தது, பெண்களும் புதுக் குடிமக்களும் முதல் தலைமுறை நிரந்தரவாசிகளும் சேரலாம், வயது வரம்பு உண்டு. எனக்கு வயது தாண்டிக்கொண்டிருந்தது, முட்டியும் ஒத்துழைக்கவில்லை, கடைசியில் சேரவில்லை. இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.) அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பையன் எந்த வருசம்?" என்று கேட்டார். அவர் பையனுக்கு ஒரு வருடம் பின்னால். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாவது வகை ஆட்கள்

"பாஸ்போர்ட் வெறும் பயணக் காகிதம், விசுவாசம் எல்லாம் மனசுல இருக்கு" என்பவர்கள். பெரும்பாலும் நம்மைப் போலவே ஐடி, பொறியியல் ஆட்கள். இவர்கள் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் வெறும் காகிதம் என்று சொல்கிறவர்களே அந்தக் காகிதம் இரண்டு வேண்டும் என்று ஆசைப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். பலன் இல்லாத காகிதமாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பலனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் வெட்கம் வேண்டாம். கணவன் மனைவியில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் நிரந்தரவாசி என்றால் புது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கு 10,000 வெள்ளி கூடுதல், நிரந்தரவாசி முதல் வீடு வாங்கினாலே கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, பள்ளிக் கட்டணம் வேறு. இதற்காகவும்தான் எடுத்தேன் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கல்யாணத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதற்காகவும் போகிறோம், அதனால் மணமக்களை வாழ்த்தவில்லை என்றாகிவிடாது.

எதிர்ப்பக்கம் "மாத்துனா துரோகம்" என்கிற கூட்டம். 2022இல் மட்டும் 2,25,620 இந்தியர்கள் குடியுரிமையைத் துறந்திருக்கிறார்கள் என்று இந்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இத்தனை பேரும் துரோகி என்றால் அந்த வார்த்தைக்கே கனம் போய்விடும். நான் இவர்களிடம் பேசுவதில்லை, பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆனால் பேசித்தான் ஆக வேண்டும் என்று மாட்டிக்கொண்டால் நம் ஊர்க் கதை ஒன்று கைகொடுக்கும். 1957இல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர்கள் இதே தயக்கத்தில்தான் நின்றார்கள், ஒரு கால் துறைமுகத்தில், ஒரு கால் நாகப்பட்டினம் கப்பலில். தமிழ் முரசு பத்திரிகையை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, பதிந்துகொள்ளுங்கள், இது உங்கள் ஊர் என்று தமிழர்களைத் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அவரே திருவாரூரில் பிறந்து வந்தவர். தமிழை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, தமிழர் திருநாளை நடத்திக்கொண்டேதான் இதைச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் தினமும் காலையில் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான்.

இனி வேலை

ஒப்புதல் கடிதம் வந்ததும் குடியுரிமைப் பயணம் என்ற கட்டாய நிகழ்ச்சியை முடிக்க வேண்டும்: இணையத்தில் ஒரு பகுதி, ஒரு சுற்றுலா, சமூக மன்றத்தில் ஒரு கலந்துரையாடல். அலுத்துக்கொள்ளாமல் போங்கள். என் மேசையில் மணிலாக்காரர் ஒருவர், பினாங்கு அம்மா ஒருவர், நான். மூன்று பேருக்கும் ஊரில் ஒரு அப்பா இருந்தார், மூன்று பேரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தது.

அப்புறம் இந்தியத் தூதரகப் பக்கம் குடியுரிமைத் துறப்பு. இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன், யாரையும் குறை சொல்ல முடியாது, என் பெயர்தான் காரணம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து மட்டும். என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தது, ஒரு சான்றிதழில் அப்பா பெயர் விரிந்து முன்னால் நின்றது, இன்னொன்றில் பின்னால். நான் ஒவ்வொரு படிவத்திலும் எனக்குத் தோன்றியபடி நிரப்பினேன். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் போடுங்கள், சிங்கப்பூர்ச் சான்றிதழில் வரப்போகும் பெயரையும் அதோடு ஒத்துப் பாருங்கள், இல்லையென்றால் பிறகு ஓசிஐக்குப் போகும்போது இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைய வேண்டும்.

துறப்பு முடிந்து, இங்கே உறுதிமொழி எடுப்பதற்கு முன் ஒரு இடைவெளி வரும். பழைய பாஸ்போர்ட் ரத்து, புதியது கையில் இல்லை. அந்த நாட்களில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று எதற்கும் டிக்கெட் போடாதீர்கள். ஊரில் உடம்பு சரியில்லாத பெரியவர்கள் இருந்தால் எப்போது துறப்பது என்று தேதி பார்த்துச் செய்யுங்கள். நாள் நட்சத்திரம் பார்க்கச் சொல்லவில்லை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன்.

ரத்தான பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே கைவிட்டு எடுத்தேன். அட்டையின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. உள்ளே 2006இல் சாங்கி விமான நிலையத்தில் குத்திய முதல் முத்திரை அப்படியே இருந்தது. எம்ஆர்டி ரயிலில் வரும்போது நாலைந்து முறை திறந்து பார்த்தேன். அழுகை எல்லாம் இல்லை, ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நீங்களும் அரை நாள் விடுப்புக்குப் பதில் முழு நாளாகப் போட்டுவிடுங்கள். அந்தப் பாஸ்போர்ட்டையும் துறப்புச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள், ஓசிஐக்கு இரண்டும் வேண்டும்.

உறுதிமொழியில் வேறு எந்த நாட்டின்மீதும் உள்ள பற்றை முழுமையாக விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். முந்தின நாளே அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். அங்கே போய் முதல்முறை படித்தால் தொண்டை அடைக்கும்.

பையனுக்கும் ஓசிஐ எடுப்பதாக இருந்தால் தேசிய சேவைக்குப் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் ஓசிஐ இல்லை என்று ஒரு விதி இருக்கிறது, சீருடை போட்ட பிறகு விண்ணப்பித்தால் தேவையில்லாத விளக்கமெல்லாம் எழுத வேண்டிவரும். 20 வயது ஆவதற்கு முன் எடுத்தவர்கள் 20க்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் வாங்கியதும் அட்டையை ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பாஸ்போர்ட்டோடு நான் முதல்முறை ஊருக்குப் போனது அந்த வருடப் பொங்கலுக்கு. திருச்சி விமான நிலையத்தில் பழக்கதோஷத்தில் இந்தியர்கள் வரிசையில் போய் நின்றுவிட்டேன், அதிகாரி பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார், அந்தப் பக்கம் என்று. வெளியே அப்பா காரோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டே, "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றார்.

"வரிசை மாறி நின்னுட்டேன்ப்பா. இப்ப வெளிநாட்டுக்காரங்க வரிசை."

"அதுல கூட்டம் கம்மியா?"

"கம்மிதான்."

"அப்ப அடுத்த தடவ நேரா அதுலயே நில்லு. உங்கம்மா இட்லி ஊத்தி வச்சுட்டு ஒக்காந்துருக்கா."